மொஸ்க்வின் மங்கலாக்கிய பாரிஸ்

‘புதிய பாபிலோன்’ பற்றிப் பேச்சு எழுந்தால் முதலில் இயக்குநர்கள் கோசிந்த்சேவ், ட்ரௌபெர்க் பெயர்கள் வரும், அடுத்து இசையமைத்த ஷோஸ்தகோவிச், மூச்சு மிச்சமிருந்தால் நடிகர்கள். ஒளிப்பதிவாளர் ஆந்த்ரே மொஸ்க்வினுக்கு ஒரு பாராட்டு வாக்கியம் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கட்சி. 1929 மார்ச் 18 அன்று, 1871-ல் பாரிஸ் கம்யூன் எழுந்த அதே தேதியில் திரைக்கு வந்த இந்தப் படம் பாரிஸின் பொற்காலம் என்ற கதையோடு சண்டை போடுகிறது. அந்தச் சண்டையைத் திரைக்கதை பாதிதான் நடத்துகிறது. இடைத்தலைப்புகள் உரத்த குரலில் சொல்வதைச் சொல்லட்டும். அவை இல்லாமலே கூட இந்தப் படத்தின் வாதம் நமக்குப் புரிந்துவிடும். ஏனென்றால் ஒவ்வொரு சட்டகத்திலும் எது துலங்க வேண்டும், எது கரைய வேண்டும் என்ற முடிவு ஏற்கெனவே ஓர் அரசியல் முடிவாக இருக்கிறது. அந்த முடிவை எடுத்தவர் லென்ஸைத் திருகிக்கொண்டிருந்த மனிதர்.

மொஸ்க்வின் இங்கே கையாண்டது உருவப்படம் எடுக்கும் லென்ஸ். அதன் கூர்மை மிகக் குறைந்த ஆழத்துக்கே எட்டும். அந்தத் தூரத்தில் நிற்கும் முகமோ தொப்பியோ செதுக்கியது போல நிற்க, பின்னால் உள்ளவை எல்லாம் ஒளித்திட்டுகளாகக் கரைந்துவிடும். கறுப்புக் கோட்டும் உயர்ந்த தொப்பியும் அணிந்த ஒரு கனவான் முன்னால் நிற்கிறார்; அவருக்குப் பின்னால் நடனக் கூடம் சுழல்கிறது. ஆடுபவர்கள் யார், எத்தனை பேர், அவர்கள் முகத்தில் என்ன இருக்கிறது என்று எதுவும் தெரியாது. விசிறிகள், வெள்ளைப் பாவாடைகள், விளக்குகள் எல்லாம் சேர்ந்து ஒரே நுரையாகப் பொங்குகின்றன. கண்ணுக்கு இதைவிட இனிமையான காட்சி மௌனப்படங்களில் மிகச் சிலவே. ஐசன்ஸ்டைன் ரசிகர்கள் இந்த இடத்தில் முகம் சுளிப்பதுண்டு. வெட்டும் மோதலும்தான் அக்காலச் சோவியத் சினிமாவின் சாதனை, மொஸ்க்வின் செய்தது ஓவியம் வரையும் வேலை, சினிமாவுக்குள் நுழைந்த அலங்காரம் என்பது அவர்கள் தரப்பு. ‘அக்டோபர்’ படத்தின் படத்தொகுப்பை நானும் வியக்கிறேன். ஆனால் அங்கே இரண்டு சட்டகங்களுக்கு நடுவில் நிகழும் மோதல் இங்கே ஒரே சட்டகத்துக்குள், முன்தளத்துக்கும் பின்தளத்துக்கும் நடுவில் நிகழ்கிறது. துலங்கும் கனவானும் கரையும் கூட்டமும் ஒரே கணத்தில் நம் கண்முன் இருக்கின்றன. எந்த வெட்டும் இல்லாமலே, இந்த நகரம் யாருக்காகத் துலங்குகிறது, யாரைக் கரைக்கிறது என்ற கேள்வி விழுந்துவிடுகிறது.

பாரிஸ் மீதான ஏக்கத்தோடு சண்டையிட வேறு எந்த ஆயுதமும் இத்தனை பொருந்தியிருக்காது. அந்த ஏக்கமே மங்கலால் ஆனது. நாம் மனத்தில் வைத்திருக்கும் அந்தப் பழைய பாரிஸ், ஓவியர்களும் நிழற்படக்காரர்களும் இசை நாடகக்காரர்களும் கட்டித் தந்தது. நகர நிர்வாகி ஓஸ்மான் 1853 முதல் 1870 வரை நகரத்தை இடித்துத் திறந்துகொண்டிருந்தபோதே, இடிபடப்போகும் சந்துகளைப் படமெடுக்க ஷார்ல் மார்வில்லை நகராட்சியே அமர்த்தியது. கடப்பாரைக்கும் காமிராவுக்கும் படியளந்தது ஒரே கஜானா. ஓஸ்மானின் புதிய அகன்ற சாலைகளுக்கும் தங்கள் முறை வந்தது. இம்ப்ரஷனிஸ்டுகள் முதல் கண்காட்சியை வைத்தது 1874-ல். கம்யூனின் இறுதி வாரத்தில் சுட்டுத் தள்ளப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். மிகக் குறைந்த மதிப்பீடே ஆயிரக்கணக்கில்தான் இருக்கிறது. அது நடந்து மூன்றே ஆண்டுகளில் அந்தச் சாலைகள் வெயிலும் கொடிகளும் குடைகளுமாகக் கித்தானில் எழுந்து நின்றன. மனே மட்டும் 1871-ன் பிணங்களை லித்தோகிராஃபில் பதிந்தார். கூர்பே சிறைக்குப் போய், வாந்தோம் தூணைத் திரும்ப நிறுத்தும் செலவு தலையில் கட்டப்பட்டு, சுவிட்சர்லாந்தில் இறந்தார். மற்றபடி அந்த ஓவியங்களில் 1871-ஐத் தேடினால் கிடைப்பது குறைவு. ‘இரண்டாம் பேரரசின் பாரிஸ்’ என்று நாம் ஏங்குவதில் பெரும்பகுதி, அந்தப் பேரரசு செத்துப்போன பிறகு, ரத்தம் கழுவப்பட்ட தெருக்களில் தீட்டப்பட்ட பாரிஸ். மொஸ்க்வின் அந்தத் தூரிகையையே கையில் எடுத்துக்கொண்டார். அதே ஒளித்திட்டுகள், அதே நுரை. ஆனால் அவர் அவற்றை 1870-க்கு, படுகொலைக்கு முந்தைய கணத்துக்கு, நகர்த்தி வைக்கிறார். அதனால் அந்த அழகு அடுத்து வரப்போகும் பிணங்களோடு சேர்த்தே கண்ணில் படுகிறது.

கால முரண் என்று இதைக் குற்றம் சொல்பவர்கள் உண்டு. ‘ஃபோலி பெர்ஜேரில் ஒரு மதுக்கூடம்’ ஓவியத்தை மனே முடித்தது 1882-ல். 1870-ல் நடக்கும் கதையில் அதன் சாயல் எப்படி வரலாம் என்பார்கள். சாயல் இருக்கிறது என்பதில் ஐயமில்லை. கல்லாவுக்குப் பின்னால் நேராக நம்மைப் பார்த்து நிற்கும் பெண், அவள் முதுகுக்குப் பின் கண்ணாடியில் தூரிகைத் தீற்றலாகக் கலைந்துபோன கூட்டம்: மொஸ்க்வின் லென்ஸின் இலக்கணம் முழுக்க அந்த ஓவியத்தில் இருக்கிறது. பேரங்காடியில் விற்பனைப் பெண்ணாக நிற்கும் லூயிஸை அந்த இலக்கணத்துக்குள் வைத்தது கவனக்குறைவால் நேர்ந்தது என்று நம்ப முடியவில்லை. மனேயின் பெண்ணைப் பார்த்து நாம் ‘எத்தனை சோகமான அழகு’ என்று பெருமூச்சு விட்டு அடுத்த ஓவியத்துக்கு நகர்ந்துவிடுகிறோம். அவள் எத்தனை மணிநேரமாக நின்றுகொண்டிருக்கிறாள் என்று கேட்பதில்லை. இந்தப் படம் அந்தப் பெண்ணைச் சட்டகத்திலிருந்து இறக்கி வீட்டுக்கு அனுப்புகிறது, முற்றுகைப் பசிக்குள் அனுப்புகிறது, தடையரணுக்கு அனுப்புகிறது, கடைசியில் மழையில் சுவரோரம் நிறுத்துகிறது. யெலேனா குஸ்மினாவுக்கு இது முதல் படம். இருபது வயதை ஒட்டிய பருவம். விசித்திர நடிகர் தொழிற்கூடம் என்று கோசிந்த்சேவும் ட்ரௌபெர்க்கும் பெட்ரோகிராடில் தொடங்கிய ‘ஃபெக்ஸ்’ பட்டறையில் பயின்றவர். வட்டக் கண்களும் துருத்திய கன்னமுமான அந்த முகத்தை அழகி முகம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதனால்தான் நுரைத்துப் பொங்கும் பின்னணியோடு அது ஒட்டாமல் நிற்கிறது. பாரிஸ் அவளுக்குப் பின்னால் கரைய, அவள் கரைய மறுக்கிறாள். அங்காடியின் பொம்மைகளும் லேஸ் துணிகளும் பின்னர் தடையரணில் கிடக்கும்போது, அந்தப் பொருள்களை அவள் விற்றுக்கொண்டிருந்த முதல் ரீலை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை.

இயக்குநர்கள் பாரிஸில் வாழ்ந்தவர்களில்லை, ஸோலாவின் நாவல்களிலிருந்தும் தோமியேயின் கேலிச் சித்திரங்களிலிருந்தும் மார்க்ஸின் சிறு நூலிலிருந்தும் ஒரு நகரத்தை ஒட்டுப்போட்டார்கள், ஆகவே இது உண்மைப் பாரிஸ் ஆகாது என்பது இன்னொரு ஆட்சேபம். உண்மைதான், படத்தின் அங்காடியும் உணவகமும் நாடகக் கூடமும் கலை இயக்குநர் யெவ்கேனி எனேய் கட்டியவை. ஆனால் இந்த அளவுகோலை எல்லோருக்கும் வைப்போமா? அடுத்த ஆண்டே, 1930-ல், ரெனே க்ளேர் ‘பாரிஸ் கூரைகளின் கீழே’ எடுத்தார். புகைபோக்கிகள், தெருப்பாடகன், மாடிச் சன்னல்கள் என்று உலகம் முழுக்கப் பாரிஸ் ஏக்கத்துக்கு இலக்கணம் வகுத்த படம் அது. அதன் தெரு எபினே ஸ்டூடியோவில் கட்டப்பட்டது. கட்டியவர் லசார் மீர்சன், ரஷ்யப் பேரரசில் பிறந்து புலம்பெயர்ந்து வந்தவர். மார்செல் கார்னேயின் ‘சொர்க்கத்தின் குழந்தைகள்’ காட்டும் நாடக வீதியும் அப்படித்தான். அசல் வீதியை 1862-லேயே ஓஸ்மான் தரைமட்டமாக்கிவிட்டார். நாம் கண்ணீர் மல்கப் பார்க்கும் பாரிஸ்கள் எல்லாம் அட்டையும் சாந்தும்தான். ஏக்கத்தை வளர்க்கும் படம் செட் போட்டால் ‘கவிதை யதார்த்தம்’, ஏக்கத்தைக் கேள்வி கேட்கும் படம் செட் போட்டால் ‘பொய்’ என்பது நேர்மையான ரசனை ஆகாது. இதைவிட முக்கியமான பதில் ஒன்று உண்டு. படங்களால் கட்டப்பட்ட நினைவை எதிர்க்கப் படங்களிடமே போவதுதான் முறை. உண்மைத் தெருவில் காமிராவை நிறுத்தியிருந்தால் மொஸ்க்வினுக்குக் கிடைத்திருப்பது 1928-ன் மோட்டார் வண்டிகள்தான். அவர் போராட வேண்டியிருந்த எதிரி மனேயின் கித்தானிலும் ஓஃபன்பாக்கின் மெட்டிலும் குடியிருந்தது.

முதலாளிகளைக் கேலிச் சித்திரமாக்கிவிட்டார்கள் என்ற புகாருக்கு இத்தனை எளிதாகப் பதில் சொல்லிவிட முடியாது. அங்காடி முதலாளியாக வரும் டேவிட் குட்மனும் அவரைச் சுற்றியுள்ள அரசியல்வாதி, பத்திரிகைக்காரர் கூட்டமும் மனிதர்களாக இல்லை, வகைமாதிரிகளாகவே இருக்கிறார்கள். ழான் ரெனுவார் 1955-ல் எடுத்த ‘பிரெஞ்சு கான்கான்’ படத்தை விரும்புபவர்கள் இந்த இடத்தில் வலுவாகப் பேசுவார்கள்: அங்கே சலவைக்கூடத்துப் பெண் நடனக்காரி ஆகிறாள், முதலாளியும் மனிதனாக இருக்கிறான், உழைப்பின் வலியும் ஆட்டத்தின் களியும் சேர்ந்தே இருக்கின்றன, இறுதி நடனத்தில் திரை வெடித்துச் சிதறுகிறது என்று. எல்லாம் சரி. அந்த இறுதி நடனத்தை நானும் உச்சம் என்றே சொல்வேன். ஆனால் அங்கே மோன்மார்த்ர் வெறும் மகிழ்ச்சியின் குன்று. 1871 மார்ச் 18 அதிகாலையில் அதே குன்றில், தேசியக் காவற்படையின் பீரங்கிகளை இழுத்துச்செல்ல வந்த சிப்பாய்களைப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள் என்பதற்கு அங்கே தடயமே இல்லை. அந்தக் குன்றின் உச்சியில்தான் கம்யூன் அடக்கப்பட்ட நான்காம் ஆண்டில், 1875-ல், சேக்ரே கேர் ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். பாரிஸின் அஞ்சல் அட்டைகளில் அடிக்கடி தோன்றும் வெண்குவிமாடம் அந்தத் தோல்வியின் மேல் எழுந்தது. ரெனுவாரின் கனிவு அந்த மௌனத்தின் மீது நிற்கிறது. ‘புதிய பாபிலோன்’ கனிவைத் துறந்து அந்த மௌனத்தைக் கலைக்கிறது. வெர்சேய் மேட்டிலிருந்து தங்கள் நகரம் தாக்கப்படுவதைக் கனவான்களும் சீமாட்டிகளும் இசை நாடகத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக் கைதட்டும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். இது மிகை என்று தோன்றும். ஆனால் பாரிஸ் வீழ்ந்த பின் கைதிகள் வெர்சேய்க்கு நடத்திச் செல்லப்பட்டபோது வழியோரம் நின்ற நாகரிகக் கூட்டம் குடைகளாலும் கைத்தடிகளாலும் அவர்களைத் தாக்கியதை நேரில் கண்டவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். கேலிச் சித்திரம் ஆவணத்தைத் தாண்டிப் போகவில்லை.

இனி என் தரப்பின் பலவீனத்துக்கு வருகிறேன். கம்யூன் ஆட்சியில் இருந்த 72 நாட்களைக் காட்டும் பகுதி படத்தில் மெலிந்தது. இனி முதலாளிக்காக இல்லை, நமக்காக உழைக்கிறோம் என்று சலவைப் பெண்களும் தையல் பெண்களும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பில் உணவகக் காட்சிகளின் நுணுக்கத்தில் கால்பங்கு இல்லை. மொஸ்க்வினின் கண் இங்கே கொஞ்சம் அயர்ந்துவிட்டதோ என்றே படுகிறது. ரொட்டிச் சுடுபவர்களின் இரவு வேலையை ஒழித்தது, வீட்டு வாடகைப் பாக்கியைத் தள்ளுபடி செய்தது, அடகுக் கடையில் சிக்கியிருந்த ஏழைகளின் பண்டங்களைத் திருப்பித் தந்தது என்று கம்யூன் செய்த காரியங்கள் கண்ணுக்குத் தெரிவன, படமாக்கத் தக்கவை. அவற்றிலிருந்து இன்னும் எத்தனையோ எடுத்திருக்கலாம். இந்தக் குறையைப் பிடித்துக்கொண்டு, படம் ஓர் ஏக்கத்தை இடித்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு ஏக்கத்தை, கம்யூன் மீதான ஏக்கத்தை, நட்டுவிட்டது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கம்யூனுக்கு உண்மையில் நியாயம் செய்தது பீட்டர் வாட்கின்ஸ் மட்டுமே என்றும் சொல்வார்கள். பழைய தொழிற்சாலை ஒன்றில், தொழில்முறை சாராத எத்தனையோ பேரை நடிக்கவைத்து, அவர்களையே விவாதிக்கவும் வைத்து, 2000-ல் முடித்த 345 நிமிடப் படம் அது. வாட்கின்ஸ் செய்தது பெரிய காரியம். கம்யூன் எப்படி விவாதித்தது, எங்கே தடுமாறியது என்று அறிய அங்கேதான் போக வேண்டும். ஆனால் அவர் பழைய பாரிஸின் கவர்ச்சியைக் காட்டவே இல்லை. சுவர்களும் முகங்களும் ஒலிவாங்கியும்தான். கவர்ச்சியே தெரியாதவனுக்கு அதன் ஆபத்தும் தெரியாது. கோசிந்த்சேவும் ட்ரௌபெர்க்கும் நம்மை முதலில் அந்த நடனக் கூடத்துக்குள் இழுத்துப்போய் மயங்கவைக்கிறார்கள். அந்த மயக்கத்தில் பாதியிலேயே பிரஷ்யக் குதிரைப்படை பாய்ந்து வருகிறது.

கம்யூன் மீதான ஏக்கம் என்ற குற்றச்சாட்டுக்கு என்னுடைய உறுதியான பதில் ழான் என்ற பாத்திரம். சோபலெவ்ஸ்கி நடித்த அந்தச் சிப்பாயைப் பலர் காதல் கதைக்கான ஆண்பாதி என்று கடந்துபோகிறார்கள். படத்தின் சிந்தனை முழுக்க அவன் தலையில்தான் இறங்கியிருக்கிறது. அவன் நாட்டுப்புறத்தான். நகரத்தின் சண்டை அவனுக்குப் புரியவில்லை. போர் முடிய வேண்டும், ஊருக்குப் போக வேண்டும், நிலத்துக்குத் திரும்ப வேண்டும்; அவ்வளவுதான். இதைவிடக் குற்றமற்ற ஆசை இருக்க முடியுமா? வெர்சேயிலிருந்த தியேரின் அரசு படை திரட்டியது இப்படிப்பட்டவர்களை வைத்துத்தான். ழான் யாரையும் வெறுக்கவில்லை. லூயிஸை நேசிக்கிறான். ஆனாலும் வீடு திரும்பும் ஏக்கம் அவனைத் தடையரணின் மறுபக்கம் நிறுத்துகிறது. கடைசியில் கொட்டும் மழையில், சேற்றில், அவன் கையில் மண்வெட்டி தரப்படுகிறது. கனவான்களின் பகட்டான பாரிஸ் ஏக்கத்தைத் தோலுரிப்பது எளிது. ஓர் ஏழையின் ஊர் ஏக்கத்தையும், அதைக் கேலி செய்யாமல், அதன் வலியைக் குறைக்காமல், அது யாருக்குப் பயன்பட்டது என்று காட்டுவதற்கு வேறு துணிச்சல் வேண்டும். அந்த மழைக் காட்சிகளில் மொஸ்க்வினின் லென்ஸ் செய்வதைக் கவனியுங்கள். தொடக்கத்தில் நடனக் கூடத்தைக் கரைத்த அதே மங்கல் இப்போது மழைத் தாரையாலும் சேற்றாலும் வருகிறது. அன்று மங்கல் என்பது களிப்பு. இன்று ழான் பார்க்க மறுக்கும் எல்லாமும் அதற்குள் போய்விடுகிறது. ஒரே உத்தி இரண்டு முறை, எதிரெதிர்ப் பொருளில் வருகிறது. அலங்காரம் என்று சொன்னவர்கள் இந்த இரண்டாவது முறையைக் கணக்கில் எடுப்பதில்லை.

அடுத்தவன் ஊரின் பழம்பெருமையைக் கேள்வி கேட்பது சுலபம், அரசுப் பணத்தில் எடுத்த சோவியத் படம் தன் ஊரை இப்படிக் கேட்குமா என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. இந்தப் படம் எடுக்கப்பட்ட நகரம் பதினைந்து ஆண்டுகளுக்குள் பீட்டர்ஸ்பர்க், பெட்ரோகிராட், லெனின்கிராட் என்று மூன்று பெயர் சுமந்தது. புதிய பொருளாதாரக் கொள்கைக் காலத்தில் அங்கும் கடைச் சன்னல்களில் ஒளி திரும்பியிருந்தது. உணவகங்களில் இசை திரும்பியிருந்தது. பழைய தலைநகரின் பகட்டை நினைத்துப் பெருமூச்சு விட்டவர்களும் இருந்தார்கள். 1929-ல் அந்தத் திரையரங்குகளில் உட்கார்ந்தவர்கள் பாரிஸ் அங்காடியின் தள்ளுமுள்ளில் தங்கள் நேவ்ஸ்கி வீதியைக் கண்டிருப்பார்கள் என்பது மிகையான ஊகமில்லை. படத்துக்குக் கிடைத்த வரவேற்பும் அரசு செல்லப்பிள்ளைக்குக் கிடைக்கும் வரவேற்பாக இல்லை. வடிவ மோகம், உழைக்கும் மக்களுக்குப் புரியாத படம் என்ற வசைகள் சொந்தத் தரப்பிலிருந்தே வந்தன. ஆனால் கேள்வியின் முள் முழுக்க மழுங்கிவிடவில்லை. அதே இருவரும் சில ஆண்டுகளில் ‘மக்சிம்’ முப்படத் தொடரை எடுத்தார்கள். அதில் பீட்டர்ஸ்பர்க்கின் தொழிலாளர் சேரி பாட்டும் கித்தாருமாக அன்பு சொட்டுகிறது. மக்கள் அதைக் கொண்டாடினார்கள். ஒளிப்பதிவு அங்கும் மொஸ்க்வின்தான். பாரிஸ் ஏக்கத்தை இத்தனை கூர்மையாகக் கண்டவர்கள் தங்கள் ஊர் ஏக்கத்துக்கு இடம்கொடுத்தது எனக்குச் சரிவாகவே தெரிகிறது. அந்தத் தொடரின் ரசிகர்கள் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள். பாட்டின் இனிமையை நான் மறுக்கவில்லை; 1929-ல் இதே கைகள் இனிமையை வைத்து என்ன செய்தன என்பதை மறக்க முடியாததுதான் காரணம்.

இசைக்கு வராமல் இந்தப் படத்தைப் பற்றிய பேச்சு முடியாது. ஷோஸ்தகோவிச்சுக்கு அப்போது 22 வயது, திரைக்கு எழுதிய முதல் இசை. பதின்வயதில் லெனின்கிராட் திரையரங்குகளில் பியானோ வாசித்துப் பிழைத்தவர் என்பதால், திரையின் கீழ் இசைக்கும் அடிமைத்தனம் அவருக்கு உள்ளும் புறமும் தெரியும். அழுகைக்குச் சோக மெட்டு, ஓட்டத்துக்கு வேக மெட்டு என்ற வழக்கத்தை அவர் இங்கே உடைத்தார். இரண்டாம் ரீலின் முடிவு இதற்கு உரைகல். குதிரைப்படை பாரிஸை நோக்கி வருகிறது, பின்னர் திரையில் ஆளில்லாத உணவகம் மட்டும். இசையோ அந்த வெறுமைக்கு மௌனம் காக்காமல், இனி கண்ணில் படாத குதிரைப்படையின் அச்சத்தைத் தொடர்ந்து அடித்துக்கொண்டே இருக்கிறது. இதைத் தாம் திட்டமிட்டே செய்ததாக அவரே அன்று எழுதினார். பின்னர் கம்யூன் வீழ்ந்த களிப்பில் உணவகம் கூத்தாடும்போது இசை களிப்போடு சேராமல், லூயிஸைத் தேடி அங்கு நுழையும் ழானின் இருண்ட மனத்தோடு நடக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக மார்செய்யேஸும் ஓஃபன்பாக்கின் கான்கானும் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறும் இடம். புரட்சியில் பிறந்த தேசப் பாடல் வெர்சேய் கனவான்களின் வாயில் விழுந்ததும் எப்படிக் கேளிக்கை மெட்டாகிவிடுகிறது என்பதைச் சொற்பொழிவு எதுவுமின்றி காதில் போட்டுவிடுகிறார். மொஸ்க்வின் கண்ணுக்குச் செய்ததை இவர் காதுக்குச் செய்கிறார்: இனிமையான பழைய மெட்டை அப்படியே இனிமையாக எடுத்து, அதன் பக்கத்தில் எது நிற்கிறது என்று காட்டுவது. தடையரணில் கிடக்கும் பியானோவில் சாய்கோவ்ஸ்கியின் பழைய பிரெஞ்சுப் பாட்டு ஒலிக்கும் இடத்தில் மட்டும் கேலி இல்லை, முரண் இல்லை. பழமையின் இனிமையை அந்த ஒரு நிமிடத்துக்கு அவர் சாகப்போகிறவர்களுக்கு விட்டுக்கொடுக்கிறார்.

அன்று இந்த இசை படுதோல்வி அடைந்தது. கடைசி நேரத்தில் மேலிடத்து உத்தரவில் படம் வெட்டப்பட்டது; எழுதிய இசை நீளத்தில் பொருந்தாமல் போனது; ஒத்திகை போதாத வாத்தியக் குழுக்கள் தடுமாறின. சில நாட்களிலேயே பல அரங்குகள் இசையைக் கைவிட்டன. அது மீண்டும் வெளிச்சத்துக்கு வர ஷோஸ்தகோவிச் இறந்த 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இசை நடத்துநர் கென்னாடி ரோஷ்தெஸ்த்வென்ஸ்கி அதை எடுத்தாண்ட பிறகுதான் இப்படி ஒன்று இருந்ததே உலகத்துக்கு உறைத்தது. இவ்வளவு பாடுபட்டு மீண்டதை இன்று நாம் எப்படி நடத்துகிறோம்? இணையத்தில் சுற்றும் பிரதிகளில் பல, வேகம் தவறியவை. நடனக் கூடம் மயக்கவேண்டிய இடத்தில் பொம்மலாட்டம்போல் துள்ளுகிறது. சிலவற்றில் யாரோ ஒருவர் மௌனப்படம் என்றால் இதுதான் என்று எண்ணி ஒட்டிய பியானோத் துள்ளல் ஓடுகிறது. சிலவற்றில் எதற்கும் பொருந்தும், எதையும் சொல்லாத நீண்ட ரீங்காரம். திரையிடுபவர்களும் ‘பழைய படம், சூழலுக்கு ஏதோ ஒரு இசை’ என்று இருந்துவிடுகிறார்கள். படத்தின் பாதி வாதம் இசையில் இருக்கிறது என்று தெரிந்தவர்களிடமிருந்தே இந்த அலட்சியம் வருவதுதான் வேதனை. பழைய பாரிஸை இனிப்பாகக் காட்டும் ஏக்கத்தை எதிர்த்த படத்தையே பழைய சினிமா என்ற ஏக்கப் பண்டமாக்கி விற்பது இது.

ஒளிப்பதிவின் நிலை இதைவிட மோசம். பின்னணியைக் கரைப்பது இன்று கைப்பேசியின் ஒரு பொத்தான். கல்யாண வீடியோவிலும் காப்பி விளம்பரத்திலும் வெளிநாட்டுத் தெருவில் எடுத்த காதல் பாட்டிலும் முகம் துலங்க, நகரம் விளக்குக் குமிழிகளாக மிதக்கிறது. எதற்காகக் கரைத்தீர்கள், கரைந்துபோனது யார் என்று கேட்டால் எடுத்தவரிடம் பதில் இருக்காது. அழகாக இருக்கிறது என்பார். மொஸ்க்வினும் அழகாகத்தான் எடுத்தார். ஆனால் அவர் கரைத்த ஒவ்வொரு பின்னணியும் பிற்பாடு படத்துக்குள் திரும்பி வந்து தன் கணக்கைக் கேட்கிறது. நுரையாகத் தெரிந்த கூட்டத்திலிருந்து சலவைப் பெண்கள் வருகிறார்கள், தையல் பெண்கள் வருகிறார்கள், அவர்கள் முகங்கள் ஒவ்வொன்றாகக் கூர்மை பெறுகின்றன. ஒளிப்பதிவு பயிலும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: முதல் இரண்டு ரீல்களில் மங்கலாக இருப்பவற்றைக் குறித்துவைத்துக்கொண்டு, அவற்றில் எவை பின்னர் துலங்குகின்றன என்று பாருங்கள். பார்க்கும்போது ஷோஸ்தகோவிச்சின் இசை சரியான வேகத்தில் சேர்க்கப்பட்ட பிரதியாகத் தேடிப் பிடியுங்கள். இரண்டாம் ரீலின் முடிவில் ஆளில்லாத உணவகத்தின் மேல் குதிரைப்படை தொடர்ந்து ஒலிக்காத பிரதியில் பார்த்தவர்கள் ‘புதிய பாபிலோ’னை இன்னும் பார்க்கவில்லை.